மாத்திரை போட்டுக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பது என் பிழைப்பு. சீசன் வந்துவிட்டால் வாந்தி மாத்திரையும் சளி மாத்திரையும் கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் கையில் வண்டிச் சாவியோடு நிற்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளையும், கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நீலகிரியை மனதில் வைத்து எழுதியது. கொடைக்கானல் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டிய விஷயம். அதில் நான் கை வைக்கவில்லை.

குடித்துவிட்டு ஓட்டுவதுதானே தப்பு? மாத்திரைக்கும் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம்?

மூளையை மந்தமாக்கும் வேலையைச் சாராயம் மட்டும் செய்வதில்லை. வாந்திக்கு, சளிக்கு, அரிப்புக்கு, முதுகுவலிக்கு, தூக்கத்துக்கு என்று நாம் சாதாரணமாக வாங்கும் பல மாத்திரைகள் அதே வேலையைச் செய்கின்றன.

2000-ல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில், நிஜ ரோடு மாதிரியே காட்டும் டிரைவிங் சிமுலேட்டரில் 40 பேரை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் சாராயம், டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லி கிராம், ஃபெக்சோஃபெனடின் என்ற புது ரக அலர்ஜி மருந்து, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை என்று கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். டைஃபென்ஹைட்ரமின் வேறொன்றும் இல்லை, இருமல் சிரப்புகளில் காலங்காலமாக இருக்கிற பழைய அலர்ஜி மருந்துதான். அதைச் சாப்பிட்டு ஓட்டியவர்கள், சாராயம் குடித்து ஓட்டியபோது இருந்ததைவிட மோசமாக ஓட்டினார்கள். அந்தச் சாராய அளவு நம் ஊர்ச் சட்ட வரம்பைப் போல மூன்று மடங்கு. ஃபெக்சோஃபெனடின் சாப்பிட்டவர்களுக்கும் மாவு மாத்திரைக்காரர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. ‘எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?’ என்று அவர்களையே கேட்டிருந்தார்கள். அந்தப் பதிலுக்கும் அவர்கள் ஓட்டிய லட்சணத்துக்கும் சரியான பொருத்தம் இல்லை. அதாவது, கண் சொக்குவதற்கு முன்பே கையும் கணிப்பும் தடுமாறத் தொடங்கிவிடுகின்றன. ‘எனக்கு ஒண்ணும் பண்ணலையே’ என்று சொல்கிற ஆள் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியவில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

கோயம்புத்தூர் – சேலம் ரோட்டில் இதே மாத்திரையோடு எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். மலையில் மட்டும் என்ன வந்துவிடப் போகிறது?

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகும். மாத்திரை அரை நொடி தாமதப்படுத்தினால் 4 மீட்டர். நாலுவழிச் சாலையில் அந்த 4 மீட்டரை யாரும் கவனிக்கப் போவதில்லை. கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவில் ஒன்றில், மேலேயிருந்து அரசுப் பேருந்து முழு ரோட்டையும் எடுத்துத் திரும்பும்போது அந்த 4 மீட்டரில்தான் எல்லாமே இருக்கிறது.

இறக்கம் இன்னும் மோசம். ஏறும்போது என்ஜின் திணறும் சத்தமாவது ஆளை விழிக்க வைக்கும். இறங்கும்போது செகண்ட் கியரில் போட்டு என்ஜினையே பிரேக்காக வைத்து இறங்க வேண்டும் என்பது மலை டிரைவர் எல்லோருக்கும் தெரியும். மந்தமான தலை அந்த வேலையைச் செய்யாது. காலைப் பிரேக்கில் வைத்தபடியே உருண்டு வரும். பர்லியார் வருவதற்குள் பிரேக் லைனிங் கருகும் வாடை வரும். அப்புறம் மிதித்தால் பிரேக் பிடிக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு. அங்கே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது சும்மா இல்லை.

மூடுபனி, மழையில் வழுக்கும் ரோடு, பலாப்பழ காலத்தில் பர்லியார் பக்கம் ரோட்டுக்கு வரும் யானை என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம். கூடலூர் வழியாக மைசூர் போகிறவர்களுக்கு ஓர் அவசரம் கூடுதல்: பந்திப்பூர் கேட் இரவு 9 மணிக்கு மூடிவிடும், மறுநாள் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதைப் பிடிக்கிற ஓட்டத்தில் உடம்பு சொல்வதை யார் கேட்கிறார்கள்?

மலை ஏறும்போது வாந்தி வருகிறது. அவோமின் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. என் கடையில் அதிகம் நடக்கும் உரையாடல் இதுதான்:

“அண்ணே, அவோமின் ஒரு அட்டை கொடுங்க.”

“யாருக்குங்க?”

“எல்லாருக்கும்தாண்ணே, கீழே இறங்குறோம்.”

“வண்டி யார் ஓட்டுறது?”

“நான்தான்.”

“அப்ப உங்களைத் தவிர மத்தவங்களுக்குக் கொடுங்க.”

அவோமினில் இருப்பது புரோமெத்தசின். வாந்தியை அடக்குவதில் கெட்டி, தூங்க வைப்பதில் அதைவிடக் கெட்டி. போட்டுக் கொஞ்ச நேரத்தில் தொடங்கும் மந்தம் பாதி நாளுக்கு இழுக்கலாம். காலையில் மேட்டுப்பாளையத்தில் போட்டது மதியம் தொட்டபெட்டாவில் நிற்கும்போதும் உடம்பில் இருக்கும். சின்னாரிசின், டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் என்று வேறு பெயரில் வாங்கினாலும் கதை பெரிதாக மாறாது.

ஸ்டியரிங் பிடிக்கிறவருக்குப் பயண வாந்தி வருவது அபூர்வம் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று டிரைவரின் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். கண் பார்ப்பதும், அசைவை அறியும் உள்காது உணர்வதும் ஒத்துப்போகும். பின் சீட்டில் குனிந்து போன் பார்க்கிறவருக்குத்தான் குடல் புரளும். ஓட்டுகிறவருக்கே குமட்டினால் பித்தம், காலி வயிறு, நேற்றைய சரக்கு என்று வேறு காரணம் இருக்கும்.

ஆன்டான்செட்ரான் வாங்கிக்கொள்ளலாமா என்று சிலர் விவரமாகக் கேட்பார்கள். அது அவ்வளவாகத் தூக்கம் தராது. ஆனால் வளைவு வாந்திக்கு அது பெரிதாகப் பயன்படுவதும் இல்லை. இஞ்சி மிட்டாய், கொஞ்சமாகச் சாப்பாடு, ஜன்னலைத் திறந்து வைப்பது, முன் சீட்டு. அவ்வளவுதான்.

சளிக்குத் தூக்கம் வராத மாத்திரை ஏதாவது உண்டா?

உண்டு, ஆனால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ‘சளி மாத்திரை’ என்று மட்டும் கேட்டால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஃபினைலெஃப்ரின், ஒழுகலுக்கு ஓர் அலர்ஜி மருந்து என்று மூன்றும் சேர்ந்த கலவைதான் கைக்கு வரும். தூக்கம் அந்த மூன்றாவதில் இருக்கிறது. பெரும்பாலும் அது குளோர்ஃபெனிரமின். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதாவது இன்று காலை போட்டது நாளைக் காலை வண்டி எடுக்கும்போதும் மிச்சம் இருக்கும்.

சிட்ரிசின், லெவோசிட்ரிசின் இரண்டும் புதுத் தலைமுறை என்று பெயர் வாங்கியவை. பலருக்கு ஒன்றும் செய்யாது, சிலரைச் சாய்த்துவிடும். மான்டெலுகாஸ்ட்டோடு சேர்ந்து வரும் அலர்ஜி மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் லெவோசிட்ரிசின்தான். ஃபெக்சோஃபெனடின், லோரடடின் இரண்டும் மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். அமெரிக்க விமானத் துறை விமானிகளுக்கு இந்த இரண்டையும் அனுமதிக்கிறது, சிட்ரிசினை அனுமதிப்பதில்லை. ஹேர்பின் வளைவில் பேருந்து திருப்புகிறவருக்கும் அதே கணக்கு வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஃபெக்சோஃபெனடினைப் பழச்சாறோடு விழுங்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீர் போதும்.

எதுவானாலும் முதல் முறை போடுவதை வண்டி எடுக்காத நாளில், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பு அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அங்கே ஒரு துப்பாவது கிடைக்கும்.

இருமல் சிரப் மருந்துதானே, அதில் என்ன?

டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், கொடீன், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன்: இந்த நான்கில் ஏதாவது பாட்டிலில் எழுதியிருந்தால் வண்டி ஓட்டும் நாளில் வேண்டாம். மூடியில் அளக்காமல் பாட்டிலோடு வாயில் கவிழ்க்கிற வழக்கம் வேறு நம் ஆட்களுக்கு உண்டு.

ராத்திரி போட்ட தூக்க மாத்திரை காலைக்குள் இறங்கியிருக்குமே?

மாத்திரையைப் பொறுத்தது. சோல்பிடெம் சீக்கிரம் இறங்கும் என்று பெயர் வாங்கியது. அதிலேயே, மறுநாள் காலையில் வண்டி ஓட்ட முடியாத அளவுக்குப் பெண்களின் ரத்தத்தில் மிச்சம் நிற்கிறது என்று 2013-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவர்களுக்கான அளவை 10 மில்லி கிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. டயசெபாம் பாதியாகக் குறையவே ஒன்றிரண்டு நாள் ஆகும். அது உடம்புக்குள் மாறி உண்டாகும் பொருள் அதற்கும் மேல் தங்கும். தினமும் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும்.

நடு இரவில் முழிப்பு வந்து 2 மணிக்கு ஒரு பாதி மாத்திரை, 5 மணிக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் வண்டி. கேத்தி, ஊட்டிப் பக்கம் பிக்கப் ஓட்டும் தம்பிகளில் சிலர் இப்படிச் செய்கிறார்கள். அந்தப் பாதி மாத்திரை இருட்டில் ஹேர்பின் இறங்கும் நேரத்தில்தான் முழு வேலை செய்துகொண்டிருக்கும்.

குளிருக்கு ஒரு குவார்ட்டர், சளிக்கு ஒரு மாத்திரை. தூங்கி எழுந்துதான் வண்டி எடுக்கிறோம், அப்போதும் தப்பா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர்ச் சரக்கு 42.8 சதவீதம். அதில் சுத்தச் சாராயம் ஏறக்குறைய 60 கிராம். 65, 70 கிலோ உள்ள ஆண் அதைக் குடித்தால் ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 130 மில்லி கிராம் ஏறும். ஈரல் அதை மணிக்கு 15 என்ற கணக்கில்தான் கழிக்கும். இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தவர் காலை 6 மணிக்குச் சட்ட வரம்பான 30-ஐ ஒட்டித்தான் நிற்பார். கூட ஒரு கட்டிங் போட்டிருந்தால் 9 மணிக்கும் வரம்புக்கு மேல்தான். இதில் மாத்திரை இன்னும் கணக்கில் வரவே இல்லை. சாராயமும் சளி மாத்திரையும் சேர்ந்தால் மந்தம் கூடும். ஊதும் கருவி அதில் பாதியை மட்டும்தான் காட்டும்.

டிரைவர்களை மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. குடும்பத்துக்கு லாட்ஜில் இரண்டு ரூம் போடுகிறவர்கள், டிரைவர் எங்கே படுப்பார் என்று கேட்பதே இல்லை. டிசம்பர், ஜனவரி உறைபனியில் காருக்குள் சுருண்டு படுக்கிற ஆள் என்ன செய்வார்? சரக்கையும் மாத்திரையையும்தான் தேடுவார். காலையில் அதே ஆளின் கையில்தான் உங்கள் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது. டிரைவருக்கு ஒரு படுக்கை, இரண்டு கம்பளி என்று லாட்ஜில் பேசி வாங்குங்கள். சீசன் செலவில் அது ஒன்றும் பெரிய தொகை இல்லை.

ஸ்ட்ராங்காக ஒரு டீ அடித்தால் தெளிந்துவிடாதா?

தெளிந்த மாதிரி இருக்கும். ஈரல் வேலை செய்யும் வேகம் டீக்கும் காபிக்கும் பச்சைத்தண்ணீர்க் குளியலுக்கும் மாறாது. வெறும் அசதிக்கு டீயும் இருபது நிமிடத் தூக்கமும் கை கொடுக்கும். மருந்து மந்தத்துக்கு நேரம் ஒன்றுதான் வழி.

சுகர் மாத்திரை தூக்கம் தராதே?

தராது. ஆனால் இந்தப் பாதையில் நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். காலையில் கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ போட்டாயிற்று, அல்லது இன்சுலின் குத்தியாயிற்று. மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புகிறார். இ-பாஸ் சோதனையில் வரிசை, பர்லியாரில் நெரிசல், காட்டேரியில் ஒரு லாரி பிரேக் டவுன். சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகிறது, மாத்திரை காத்திருக்காது. சுகர் இறங்கும். கை நடுங்கும், எரிச்சல் வரும், பேச்சு குழறும், எந்த வளைவில் இருக்கிறோம் என்பதே புரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர் குடித்திருக்கிறார் என்று நினைப்பார். குளிரில் ஜன்னல் திறந்திருக்கும்போது நெற்றியில் வியர்த்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அடெனலால், புரோப்ரனலால் மாதிரி பிரஷர் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும்.

கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எடுக்கலாம். 70-க்குக் கீழே என்றால் வண்டி எடுக்கவே கூடாது. சர்க்கரை, குளுக்கோஸ், ஜூஸ் எதையாவது டிக்கியில் அல்ல, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். சுகர் சரியானதும் உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம். மூளை பழைய நிலைக்கு வர முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

பிரஷர் மாத்திரை?

பெரும்பாலானவை பிரச்சினை இல்லை. புதிதாகத் தொடங்கியபோதும் அளவை மாற்றியபோதும் மட்டும் சில நாள் கவனம் வேண்டும். பிராசோசின், புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் ஆகியவை எழுந்து நிற்கும்போது தலை சுற்ற வைக்கும்.

முதுகுவலி, கழுத்துவலி மாத்திரைகள்?

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவை பெரும்பாலும் தூக்கம் தராது. டிரமடால், டாபென்டடால், பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின், தசைப்பிடிப்புக்குத் தரும் குளோர்சாக்சசோன் ஆகியவை வேறு ரகம். நாள் முழுக்க கிளட்ச் மிதித்து முட்டியும் இடுப்பும் போன டிரைவர்களுக்கு எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். ‘நான் மலையில் வண்டி ஓட்டுகிறவன்’ என்று மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். மாற்று மருந்து தருவார், இல்லையென்றால் இரவில் மட்டும் போடும்படி மாற்றித் தருவார்.

மனநல மருந்து, வலிப்பு மருந்து நீண்ட காலமாக எடுக்கிறேன். வண்டி ஓட்டும் நாளில் நிறுத்திவிடவா?

நிறுத்தவே கூடாது. வலிப்பு மருந்தை ஒரு நாள் விட்டு ஓட்டுவது, போட்டுவிட்டு ஓட்டுவதைவிடப் பன்மடங்கு ஆபத்து. தூக்க மாத்திரையையும் பதற்ற மாத்திரையையும் திடீரென்று விட்டாலும் வலிப்பு வரலாம். தொடங்கிய முதல் சில வாரமும் அளவு மாற்றிய சமயமும்தான் மந்தம் அதிகம். பிறகு பலருக்கு உடம்பு பழகிவிடும். ஓட்டலாமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1 நேராகவே கேட்கிறது. அங்கே மறைத்து எழுதுவது பிறகு உங்களுக்கே வினையாக வந்து நிற்கும்.

கோயம்புத்தூரில் கண் காட்டிவிட்டு அன்றே மேலே ஏறலாமா?

கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்தால் வேறு யாராவது ஓட்டட்டும், இல்லையென்றால் பேருந்தில் வாருங்கள். டிராபிகமைடு விட்டால் 4 முதல் 6 மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். வெயிலில் எதிர் வண்டிக் கண்ணாடி பளிச்சிடும். மேலே வந்தால் மூடுபனிக்குள் ஹெட்லைட் வெளிச்சம் பரவித் தெரியும். இரண்டுமே அந்தக் கண்ணுக்கு ஆகாது.

நாட்டு மருந்து, தைலம் எல்லாம் பாதுகாப்புதானே?

நீலகிரித் தைலத்தை முகர்ந்தால் தூக்கம் வராது. நெற்றியில் தடவிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்டு வளைவில் தவிக்காமல் இருந்தால் சரி. குடிக்கவே கூடாது, அது விஷம். அரிஷ்டங்களில் நொதித்து உண்டான சாராயம் இருக்கும். சில சித்த, ஆயுர்வேத லேகியங்களில் முறைப்படியே கஞ்சா இலை சேரும். ‘மூலிகை’ என்று எழுதிய டப்பாவையும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கஞ்சா அடித்தால் நிதானமாக ஓட்டுகிறேன் என்று நண்பன் சொல்கிறான்…

மெதுவாக ஓட்டுவான். நிதானமாக என்பது அவன் நினைப்பு. கஞ்சா நேரத்தையும் தூரத்தையும் கணிக்கும் இடத்தில் கை வைக்கிறது. எதிர் வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, ஓவர்டேக் முடிய எத்தனை நொடி ஆகும், வண்டி ரோட்டில் நேராகப் போகிறதா என்பவைதான் முதலில் குழம்பும். புகைத்தால் சில மணி நேரம். சாப்பிட்டால் ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும்; ‘ஒண்ணும் ஏறலையே’ என்று வண்டியை எடுத்து, நடு வழியில் ஏறிக்கொண்டவர்கள் உண்டு. கூட பீரும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிவிடும்.

கொடைக்கானல் பக்கம் போதைக் காளானைத் தேடிப் போகும் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. அதில் உள்ள சிலோசைபின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் பொருள். அரை மணி நேரத்தில் ஏறி 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். ரோட்டின் ஓரக்கோடு அசைவதும் பாறை நெருங்கி வருவதும் அவர்களுக்கு நிஜமாகவே தெரியும். அந்தக் கண்ணோடு வாடகை பைக்கில் வட்டக்கானலிலிருந்து கிளம்புவதை என்னவென்று சொல்வது? காட்டில் பறித்தது அந்தக் காளான்தானா, ஈரலைத் தின்னும் விஷக் காளானா என்பது பறித்துத் தரும் ஆளுக்கே தெரியாது.

தூக்கம் வராமல் இருக்க உதட்டுக்கடியில் வைக்கிறார்களே, அது?

கூல் லிப், ஹான்ஸ் இரண்டும் புகையிலை. பழகாதவருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். பழகியவருக்குத் தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தள்ளிப்போட்ட தூக்கம் எந்த வளைவில் வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்? விட வேண்டும் என்று நினைப்பவர்கள் 14446-க்கு அழைக்கலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள வழிசொல்லும் தேசிய உதவி எண் அது.

ஊதச் சொன்னால் ஒன்றும் காட்டாது. போலீஸ் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

ஊதும் கருவி சாராயத்தை மட்டும்தான் காட்டும், உண்மை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு ஊதுவதோடு நிற்கவில்லை. 2019 திருத்தம் ஆய்வகப் பரிசோதனையையும் சேர்த்தது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை மருந்தின் பிடியில் ஓட்டினாலோ, ஓட்ட முயன்றாலோ குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உடம்போ மனதோ ஓட்டத் தகுதியில்லாத நிலையில் ஓட்டினால் 186-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது.

டாக்டர் சீட்டு கையில் இருந்தால் விட்டுவிடுவார்களா?

மருந்தை வைத்திருப்பதற்குச் சீட்டு காப்பு. ஓட்டியதற்கு அல்ல. சீட்டோடு வாங்கியதற்கு விலக்கு என்று 185-ஆவது பிரிவில் எங்கும் இல்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவையும் அதில் ‘மருந்து’ என்ற சொல்லுக்குள் வருகின்றன. டயசெபாம், அல்பிரசோலம், டிரமடால் எல்லாம் அந்தப் பட்டியலில் இருப்பவைதான். அட்டையில் சிவப்பு எழுத்தில் என்.ஆர்.எக்ஸ் என்று இருந்தால் அது இந்த ரகம் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சொந்த வண்டிச் சேதத்துக்குக் கிடைப்பது சந்தேகம். மதுவின் அல்லது போதை மருந்தின் பிடியில் ஓட்டியபோது ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் இல்லை என்ற வரி வாகனப் பாலிசிகளில் வழக்கமாகவே இருக்கிறது.

பாதி வழியில் கண் சொக்கினால்?

நிறுத்துங்கள். வளைவின் உள்பக்கத்தில் அல்ல, அகலமான இடத்தில். குன்னூர் பாதையில் பர்லியார், காட்டேரி. கோத்தகிரிப் பாதையில் குஞ்சப்பனை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, ஏற்றமானால் முதல் கியரிலும் இறக்கமானால் ரிவர்ஸிலும் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் படுங்கள். ஹீட்டரை ஓடவிட்டுக் கண்ணாடியை முழுக்க ஏற்றித் தூங்க வேண்டாம். மருந்து காரணம் என்று சந்தேகம் இருந்தால் அரை மணித் தூக்கத்தோடு திருப்திப்படாமல் வேறு டிரைவரைக் கூப்பிடுங்கள். குன்னூர், ஊட்டி டாக்ஸி ஸ்டாண்டுகளில் கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள்.

டிரைவர் சரியில்லை என்று தோன்றுகிறது. எப்படிச் சொல்வது?

‘குடிச்சிருக்கியா?’ என்று கேட்டால் சண்டைதான் வரும். “அண்ணே, உடம்பு சரியில்லையா? மாத்திரை ஏதாவது போட்டீங்களா?” என்று கேளுங்கள், பெரும்பாலும் உண்மை வரும். “ஆமாங்க, காய்ச்சல், ரெண்டு போட்டேன்” என்பார். அப்புறம் டீக்கடையில் நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி வளைவில் எதிர்ப் பக்கம் ஒதுங்குவது, இறக்கத்தில் பிரேக் வாடை, ஹாரன் அடிக்க மறப்பது, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். ஒரு நாள் வாடகை போகும் என்று பயந்துதான் அவர் ஓட்டுகிறார். இன்றைய வாடகையைத் தந்துவிடுகிறோம், நாளை போகலாம் என்று சொன்னால் பெரும்பாலும் சாவியைக் கீழே வைத்துவிடுவார்.

விபத்து நடந்துவிட்டால்?

108. எந்த ஹேர்பின், எந்த ஊர்ப் பலகைக்கு அடுத்து என்று சொல்லுங்கள். வளைவுகளில் எண் எழுதியிருந்தால் அந்த எண். பள்ளத்தில் விழுந்த வண்டிக்குள் இருப்பவரை நீங்களே இழுத்து வெளியே எடுக்காதீர்கள், தீப்பிடித்தால் தவிர. தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் பொருந்தும். ஓட்டியவர் என்ன மருந்து, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், கூடக் குடித்தாரா என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வழக்குக்குப் பயந்து மறைத்தால், தலையில் அடிபட்ட மயக்கமா, மாத்திரை மயக்கமா, சுகர் இறங்கியதா என்று தெரியாமல் மருத்துவர்கள் நேரத்தை இழப்பார்கள். சட்டைப் பையிலோ டாஷ்போர்டிலோ இருக்கும் மாத்திரை அட்டையை அப்படியே ஆம்புலன்ஸில் கொடுத்து அனுப்புங்கள்.